கதவக்காவும் மகளின் ஒரு வரியும்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் கலையரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ ‘கதவக்கா’ என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளைவிட வயதில் மூத்த மேனேஜர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். வேலை அப்படி. பெரிய அரங்கின் பின்பக்கக் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். நிகழ்ச்சி தொடங்கியதும் கதவைச் சாத்த வேண்டும். தாமதமாக வருகிறவர்களை நிறுத்திவைத்து, உள்ளே யாருக்கும் தொந்தரவில்லாத நேரமாகப் பார்த்துத் திறந்துவிட வேண்டும். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும்.

தாமதமாக வருகிறவர்களில் ஒருவராவது தன்னால் தாமதமானது என்று சொல்லி அவள் கேட்டதில்லை. பஸ், மழை, மாமனார் என்று யார் தலையிலாவது பழியைப் போட்டுவிட்டு, “சும்மா ஓரமா நின்னுக்கிறேங்க, ஒரு சத்தமும் வராது” என்பார்கள். சத்தம் வராது என்று சத்தியம் செய்கிறவரின் செருப்புதான் உள்ளே போய்க் கீச்சிடும். மறுநாள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு விசாரிப்பார். செருப்பைப் போட்டவரை யாரும் விசாரிப்பதில்லை.

அதிலும் அந்தப் பருவத்து நிகழ்ச்சிகளைக் கோத்த மகானுபாவர் யாரோ, அவர் கையில் கிடைத்தால் அக்கா நாலு கேள்வி கேட்டிருப்பாள். திங்களன்று சொற்பொழிவு, புதனன்று நாலு பேர் வயலின் வாசிப்பு, அடுத்த நாள் ஒருவர் தனியாகப் பியானோ, வாரக் கடைசியில் முழுக்கப் பாட்டாகவே நடக்கும் ஓபரா நாடகம். ஒவ்வொன்றுக்கும் கதவுச் சட்டம் வேறு. பேச்சென்றால் எப்போது வேண்டுமானாலும் விடலாம். வயலின் என்றால் ஒரு பாட்டு முழுதாக முடிய வேண்டும். நடுவில் நிறுத்தி வில்லைத் துடைப்பார்கள், அது முடிவல்ல, அப்போது திறந்தால் தொலைந்தோம். திமிங்கிலங்களின் குரலைப் பற்றிப் பேச வந்த பேராசிரியர் அந்தக் குரலைப் போட்டுக் காட்டியபோது, ஜெனரேட்டர்தான் போய்விட்டது என்று அக்கா எலெக்ட்ரீஷியனுக்கு ஆள் அனுப்பினாள். தாளக் கச்சேரி செய்ய வந்த இளவட்டங்கள் பக்கெட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு அடித்தார்கள். துப்புரவு அறையில் காலையிலிருந்து காணாமல் போயிருந்த நீலப் பக்கெட் அதில் ஒன்று. அதற்கும் கைதட்டல் கூரையைப் பிளந்தது.

இத்தனையையும் அவள் பார்க்காமலேதான் சமாளித்தாள். கதவில் இருந்த சின்னக் கண்ணாடிக்கு, வெளிச்சம் உள்ளே அடிக்கிறதென்று முன்னே இருந்த மேனேஜர் கறுப்புத் தாள் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். வெளிக்கூடத்துச் சுவரில் ஒரு டிவி உண்டு. மேடையில் நடப்பது அதில் தெரிய வேண்டும். போன பருவத்திலேயே அது படுத்துவிட்டது. இப்போது நீல நிறம் மட்டும் தெரியும். கதவின் கைப்பிடியும் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எதைச் சொன்னாலும் இந்த மேனேஜரிடம் ஒரே பதில்தான்.

“சொல்லியிருக்கேன் அக்கா.”

யாரிடம் சொன்னார், அந்த யாரோ காது கேட்காதவரா என்றெல்லாம் கேட்க முடியாது. திரும்பி வந்து கதவோரம் நிற்பாள்.

ஆக, மிச்சம் இருந்தது காது. அந்தக் கதவு பஞ்சு வைத்துத் தைத்த தடிக் கதவு. கனமான சத்தங்கள் அதை ஊடுருவி வந்துவிடும். முரசு வரும், இருமல் வரும், நாற்காலி நகர்வது வரும், சிரிப்பும் கைதட்டலும் வரும். மெல்லிய, உயரமான சத்தம் மட்டும் வராது. பெண் குரல் மேலே ஏற ஏற இந்தப் பக்கம் தேய்ந்து, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் போகும். எத்தனையோ பெரிய பாடகிகள் உள்ளே உயிரைக் கொடுத்துப் பாடியபோது, அக்கா இந்தப் பக்கம் ஒன்றும் கேட்காமல் கொட்டாவியை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். அதற்காக அவள் பெரிதாக வருத்தப்பட்டதில்லை. இந்த ஓபரா வரும்வரைக்கும்.

இந்த ஓபராவில் அவள் மகள் பாடினாள்.

மகள் பகலில் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். சாயங்காலம் அதே அரங்கத்தின் கோரஸில் பின்வரிசை. பின்வரிசை என்றால், இருபது முப்பது பேரோடு சேர்ந்து வாயைத் திறந்து மூடுவது. அதில் இவள் குரல் எது என்று பெற்றவளுக்கே தெரியாது. அப்படி வருஷக்கணக்காக நின்றவளுக்கு இந்தத் தடவை தனியாக ஒரு வரி கிடைத்தது. ஒரே ஒரு வரி. கதை இதுதான்: கணவன் கடலில் செத்துவிட்டான் என்று நம்பி ஒரு பணக்காரி மறுமணம் செய்துகொள்கிறாள். விருந்து நடக்கிறது. அப்போது வேலைக்காரி தட்டோடு ஓடிவந்து, “வாசலில் யாரோ நிற்கிறார்கள்” என்று பாடுகிறாள். நிற்பது செத்துப்போனவன். அந்த வேலைக்காரிதான் மகள்.

பாடுவது வேறு பாஷை. அர்த்தம் மேடைக்கு மேலே ஒரு திரையில் எழுத்தாக ஓடும். அந்த வரியின் கடைசியில் ஓர் இழுப்பு உண்டு. மேலே, மேலே போய், அங்கேயே நின்று, மெல்ல அடங்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும்போதும், தலை வாரும்போதும், செருப்பைத் தேடும்போதும் மகள் அந்த வரியைத்தான் முனகிக்கொண்டிருந்தாள். முனகல்தான். முழுக் குரலில் எடுத்தால் மாடிவீட்டுக்காரர் தரையைத் தட்டுவார். அதனால் அந்த இழுப்பு எப்படி இருக்கும் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

“ஹால்ல பாடும்போது கேளும்மா. அது வேற மாதிரி இருக்கும்” என்றாள் மகள்.

அக்கா மேனேஜரிடம் போய் நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்டது இதுதான். மூன்று காட்சிகள். வெள்ளி, சனி சாயங்காலம், ஞாயிறு பகல். ஒன்றுக்காவது உள்ளே உட்கார வேண்டும்.

“அதுக்கென்னக்கா, வெள்ளி, சனி கூட்டம் ஜாஸ்தி. ஞாயித்துக்கிழமை உள்ள உக்காந்துக்குங்க. கதவை நம்ம கவுண்டர் தம்பி பாத்துக்குவாரு.”

கவுண்டர் தம்பி என்பவர் டிக்கெட் கவுண்டரில் இருப்பவர். நாற்பதைத் தாண்டியவர், ஆனாலும் எல்லாருக்கும் தம்பி. அவரும் தலையாட்டினார். அக்கா அன்றே அலமாரியிலிருந்து நல்ல துணியை எடுத்து, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் மாட்டிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. உள்ளே அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். பாடுகிறவர்களின் வீட்டாருக்கு ஒரு ஓசி சீட்டு உண்டு. கேட்கத் துடிப்பவள் கதவுக்கு வெளியே, பாட்டென்றால் கண் சொருகிவிடுகிற மனுஷன் நல்ல இடத்தில். அதை நினைத்து முதல் காட்சியிலேயே அவளுக்கு எரிச்சல் தொடங்கியிருந்தது.

ஓபராவுக்குக் கதவுச் சட்டம், ரசிகர்கள் கைதட்டும்போது மட்டும் திறக்கலாம் என்பது. முதல் கைதட்டலில் ஒரு கும்பலை உள்ளே அனுப்பிவிட்டாள். அதற்கப்புறம் வந்தார் ஒரு குடைக்காரர். ஆறடி மனிதர், சொட்டச் சொட்ட நனைந்த குடை.

“எவ்வளவு நேரம்மா நிக்கறது?”

“கை தட்டினதும் விட்டுடறேன் சார்.”

“எப்பத் தட்டுவாங்க?”

“பிடிச்சா தட்டுவாங்க.”

“பிடிக்கலைன்னா?”

அவர் குடையால் தரையைத் தட்டினார். கடிகாரத்தைப் பார்த்தார். தன் மச்சான் யார் தெரியுமா என்று கேட்டார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு காதைக் கதவில் வைத்திருந்தாள். இந்த மனிதரின் புலம்பலுக்கு நடுவில் மகளின் நேரம் எப்போது வரும், வந்துவிட்டதா, எதுவும் பிடிபடவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே படபடவென்று கைதட்டல்.

அப்பாடா என்று கதவைத் திறந்துவிட்டாள்.

அது ரசிகர்கள் தட்டியதல்ல. மேடையில் விருந்துக்கு வந்தவர்களாக நின்ற கோரஸ்காரர்கள், மணமக்களுக்காகத் தட்டியது. நாடகத்துக்குள்ளே இருக்கும் கைதட்டல். ரசிகர்கள் தட்டினால் இங்கே ஒருவர் அங்கே ஒருவர் என்று தொடங்கித்தான் பெருகும். இதுவோ ஒரே சமயத்தில் தொடங்கியது. சொல்லிக்கொடுத்துத் தட்டுகிறவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். அப்புறம்தான் தெரிந்தது என்பதுதான் கொடுமை. டிவி ஒழுங்காக இருந்திருந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும்.

வெளிக்கூடத்து டியூப் லைட் வெளிச்சம் இருட்டைக் கிழித்துக்கொண்டு மேடைவரை போயிற்று. மேடையில் கைகள் அப்போதுதான் அடங்கியிருந்தன. ஓரத்தில் தட்டோடு மகள் நின்றாள், வாய் திறந்திருந்தது. மேலே திரையில் பெரிய எழுத்தில், ‘வாசலில் யாரோ நிற்கிறார்கள்’. வாசலில் குடைக்காரர் நின்றார். அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, பாவம், அவர் என்ன செய்வார்?

“மன்னிக்கணும்” என்றார்.

அரங்கமே வெடித்துச் சிரித்தது. அக்கா கதவை இழுத்துச் சாத்தினாள். சாத்தின பிறகும் சிரிப்பு பஞ்சைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. மகளின் அந்த இழுப்பு அந்தச் சிரிப்புக்கு அடியில் எங்கோ நசுங்கிப்போயிருந்தது.

மறுநாள் காலையில் சமையலறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மகள் காப்பித் தம்ளரைக் கழுவினதையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“வேணும்னா செஞ்சேன்?” என்றாள் அக்கா.

“நீ வேணும்னு செஞ்சதா நான் சொல்லல.”

“அந்த டிவி மட்டும்...”

“அம்மா, டிவி பேச்சை விடு. எனக்கு இருந்தது ஒரே ஒரு வரி. ஒரு வரிம்மா. அதுல அந்த ஆளு வந்து மன்னிப்புக் கேக்கறான்.”

கணவன் தினசரித்தாளை மடித்தான். “ஆமா, எல்லாரும் எதுக்கு அப்படிச் சிரிச்சாங்க? நான் கண்ணை மூடிக் கேட்டுட்டிருந்தேன், என்னன்னு கவனிக்கல.”

அம்மாவும் மகளும் அவனைப் பார்த்த பார்வையில் அவன் தினசரித்தாளை மறுபடியும் விரித்துக்கொண்டான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே அக்கா போனாள். அறையில் ஓபரா டைரக்டர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மப்ளர், கையில் பேனா, பேனாவுக்கு வேலை ஒன்றும் இல்லை. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“பிரமாதம்! மேடைக்கும் ஜனங்களுக்கும் நடுவுல ஒரு சுவர் இருக்கு பாருங்க, அதை உடைச்சிட்டீங்க!”

“நான் எதையும் உடைக்கல சார். கைப்பிடி முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு.”

மேனேஜர் சிரித்தார். வெள்ளிக்கிழமை வெளியே போன அத்தனை பேரும் அதைப் பற்றியேதான் பேசிக்கொண்டு போனார்களாம். இந்தப் பருவத்திலேயே ஜனங்கள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதானாம். இன்றைக்கும் நாளைக்கும் அதே இடத்தில் கதவு திறக்க வேண்டும், ஓர் ஆள் குடையோடு உள்ளே வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. ஆளாக நடிக்கக் கவுண்டர் தம்பி ஒப்புக்கொண்டிருந்தார்.

“சார், அங்க என் பொண்ணு பாடற இடம்.”

“தெரியும், தெரியும்” என்றார் டைரக்டர். “ரொம்பப் பொருத்தமா இருக்கு.”

“அவ பாடறது யாருக்கும் கேக்கலையே சார்.”

“எழுத்துதான் மேல ஓடுதே!”

எழுத்து ஓடினால் போதுமென்றால் பாடுகிறவர்கள் எதற்கு, எல்லாரும் வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாமே என்று அக்கா கேட்டிருக்க வேண்டும். இந்த மாதிரிப் பதில்கள் எல்லாம் அவளுக்கு எப்போதும் படிக்கட்டு இறங்கும்போதுதான் தோன்றும்.

“ஞாயித்துக்கிழமை எனக்கு உள்ள சீட்டு தரேன்னீங்க சார்” என்றாள் மேனேஜரிடம்.

“அக்கா, நீங்க இல்லாம அந்தக் கதவு யாருக்கு வசப்படும்? அடுத்த ஓபராவுல கண்டிப்பா உக்காருங்க. சொல்லிடறேன்.”

சனிக்கிழமை அவள் திறந்தாள். கவுண்டர் தம்பி குடையோடு போய் நின்று மன்னிக்கணும் என்றார். முதல் நாளைவிடப் பெரிய சிரிப்பு. வெள்ளியன்று வந்தவர்கள் சொல்லிக் கேட்டு, அதற்காகவே வந்தவர்கள் வேறு இருந்தார்கள். அவர்கள் கைதட்டவும் செய்தார்கள். தம்பி வெளியே வந்து நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, “அக்கா, ஒரு கைதட்டல்னா என்னன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்” என்றார். மனிதர் கண் கலங்கியிருந்தது. அவரைத் திட்டவும் மனசு வரவில்லை.

ஞாயிறு காலை மகள் முனகவே இல்லை. தலை வாரும்போதும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் அக்காவை என்னவோ செய்தது.

“டைரக்டர்கிட்ட நீயாச்சும் சொல்லிப் பாத்தியா?”

“சொன்னேன். ‘நீ ஒரு வரியப் பாக்கற, நான் மூணு மணி நேரத்தைப் பாக்கறேன்’னாரு.” மகள் பையை மாட்டிக்கொண்டாள். “உன்மேல எனக்குக் கோபம் இல்லம்மா. நீ உன் வேலையப் பாரு. நான் வாயைத் திறந்து மூடிட்டு வந்துடறேன். எனக்கு அது பழக்கம்தானே.”

மகள் போன பிறகு அக்கா இஸ்திரி போட்டு மாட்டிவைத்த துணியைக் கொக்கியிலிருந்து எடுத்து மறுபடியும் அலமாரிக்குள் வைத்தாள். பஸ்ஸில் வரும்போதுகூட அவள் ஒன்றும் தீர்மானிக்கவில்லை. கோபம் மட்டும்தான் இருந்தது. டிவிமேல், கைப்பிடிமேல், மப்ளர்மேல், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இன்றைக்கும் ஓசி டிக்கெட்டைப் பத்திரமாகப் பையில் வைத்திருந்த கணவன்மேல்.

“இன்னிக்குத் தூங்கினீங்கன்னா பாருங்க” என்றாள்.

“தூங்கல, தூங்கல” என்றான் அவன், கொட்டாவி விட்டுக்கொண்டே.

கவுண்டர் தம்பி புது ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தார். வெளிக்கூடத்தில் குடையோடு முன்னும் பின்னும் நடந்து, அந்த ஒற்றை வார்த்தையை வகைவகையாகச் சொல்லிப் பார்த்தார். கெஞ்சுகிற மாதிரி ஒன்று, பயந்த மாதிரி ஒன்று, பெரிய இடத்து மனிதர் மாதிரி ஒன்று. உலகத்திலேயே தாமதமாக வருவதற்காகச் சீக்கிரம் வந்து காத்திருந்த ஆள் அவர் ஒருவர்தான்.

“இதுல எது நல்லா இருக்குக்கா?”

உள்ளே விருந்துப் பாட்டு தொடங்கிவிட்டது. அடிக்குரல் ஆண்கள் பாடுவது பஞ்சு வழியாகக் கும்மென்று வந்தது. இன்னும் கொஞ்சம். தம்பி குடையைப் பிடித்துக்கொண்டு கதவருகே வந்து நின்றார். கைப்பிடியில் அவள் கை இருந்தது.

படபடவென்று, ஒரே சமயத்தில், மேடைக் கைதட்டல்.

“அக்கா, தட்டிட்டாங்க.”

அவள் கையை எடுத்தாள். திரும்பி நின்றாள். முதுகைக் கதவில் அழுத்திச் சாய்ந்துகொண்டாள்.

“அக்கா! என்னக்கா பண்றீங்க? என் இடம் வந்துடுச்சு!”

“நில்லு தம்பி.”

“எல்லாரும் திரும்பிப் பாத்துட்டிருப்பாங்கக்கா!”

“பாக்கட்டும். உனக்கு ஒரு வார்த்தை இருக்கு, சரி. உள்ள ஒருத்திக்கு ஒரு வரி இருக்கு. இன்னியோட முடிஞ்சுது அது. நீ நில்லு.”

தம்பி வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். குடையைத் தாழ்த்திக்கொண்டார்.

அக்கா தலையைத் திருப்பிக் காதைக் கதவில் வைத்து அழுத்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததுதானே, அந்த உயரத்துச் சத்தம் இந்தப் பஞ்சைத் தாண்டாது என்று. தெரிந்தும் காதை இன்னும் அழுத்தினாள். மகள் பாடுகிறாளா, பழகின மாதிரி வாயை மட்டும் திறந்து மூடுகிறாளா? கதவு திறக்காததைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டாளோ? சிரிப்பு இல்லை, கைதட்டல் இல்லை, நாற்காலி அசையவில்லை. அந்த அமைதி நீண்டுகொண்டே போயிற்று. அவள் மூச்சே அவளுக்கு இடைஞ்சலாக இருந்தது. திறந்து பார்த்துவிடலாமா என்று கை ஒரு தடவை கைப்பிடிவரைக்கும் போய் வந்தது.

அப்புறம் ஓர் இருமல். தடித்த, ஆண்பிள்ளை இருமல், நெஞ்சைப் பிளந்துகொண்டு வந்தது.

‘எவன் அவன்?’ என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாரையும் அடக்கிவைத்தால் இருமுவதற்கென்று ஒருவன் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். குடைக்காரர் போனால் இருமல்காரர். இந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏன்தான் இப்படி நடக்கிறதோ? அதற்குள் முரசு அதிர்ந்தது. செத்துப்போனவன் மேடைக்கு வந்துவிட்டான். அந்த வரி முடிந்துபோயிற்று.

ஓபரா முடிந்ததும் டைரக்டர் மப்ளர் பறக்க வந்தார். பின்னாலேயே மேனேஜர்.

“ஏங்க்கா திறக்கல?”

அக்கா இந்தத் தடவை படிக்கட்டு இறங்கும்வரை காத்திருக்கவில்லை. “கைப்பிடி சிக்கிக்கிச்சு சார். சொல்லியிருக்கேனே.”

மேனேஜருக்கு முகம் ஒரு மாதிரி ஆயிற்று. டைரக்டர் கவுண்டர் தம்பியைப் பார்த்தார். தம்பி தன் புது ஷூவைப் பார்த்தார். கைதட்டலை ஒரு நாள் ருசி பார்த்து இழந்த மனிதர். கோள் சொல்லிவிடுவார் என்றுதான் அக்கா நினைத்தாள்.

“ஆமா சார். நானும் இழுத்துப் பாத்தேன். வரல” என்றார் அவர்.

கொஞ்ச நேரத்தில் மகள் ஓடிவந்தாள். பாதி முகத்தில் பவுடர், பாதி துடைத்திருந்தது. வந்த வேகத்தில் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“கேட்டுச்சாம்மா?”

“கேட்டுச்சு.”

“கடைசி இழுப்பு?”

“அதுவும் கேட்டுச்சு.”

மகள் ஏதோ சொல்ல வந்தாள். உள்ளேயிருந்து கோரஸ்காரிகள் கூப்பிட்டார்கள், உடையைத் திருப்பித் தர வேண்டும். அம்மாவின் கன்னத்தில் பவுடரை ஒட்டிவிட்டு மறுபடியும் ஓடினாள். அக்கா அந்த இடத்தைத் துடைக்காமல் நின்றாள். பொய்தான். பெற்ற மகளின் ஒரே வரியை ஊரே கேட்டது, அவள் கேட்கவில்லை. அழுகையைவிட எரிச்சல்தான் முன்னால் வந்தது.

பஸ் ஸ்டாப்பில் கணவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

“தூங்கினீங்களா?”

“இல்லவே இல்ல.”

“எப்படிப் பாடினா?”

“நல்லா பாடினா.”

“நல்லான்னா?”

“நல்லான்னா... நல்லாத்தான்.”

“எவ்வளவு நேரம் இழுத்தா?”

“கொஞ்ச நேரம்.”

“மேல போச்சா குரல்? நடுங்கிச்சா, நின்னுச்சா?”

“போச்சு, போச்சு. நல்லா இருந்துச்சுன்னு சொல்றேன்ல.”

கையிலிருந்த பையால் அவன் தலையில் ஒன்று போடலாமா என்றிருந்தது அவளுக்கு. கண்ணும் காதும் முழித்திருந்த ஒரே சாட்சி, அதற்கு வாய் இல்லை. பஸ் வரும் திசையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவன் மோவாயைச் சொறிந்தான். தினசரித்தாள் இல்லாததால் வேறு வழியின்றி யோசித்துக்கொண்டிருந்தான் போல.

“எனக்கு முன்னாடி சீட்டுல ஒருத்தர் இருந்தார்” என்றான் கடைசியில். “ஆரம்பத்துலேருந்தே இருமல் அவருக்கு. இவ தட்டோட வந்து நின்னா பாரு, அப்பப் பாத்து அவருக்கு இருமல் முட்டிக்கிட்டு வந்துடுச்சு. மனுஷன் கைக்குட்டையை வாய்க்குள்ளயே திணிச்சுக்கிட்டார். கழுத்தெல்லாம் சிவந்துபோச்சு. எனக்கே பயமாயிடுச்சு. இவ பாடிக்கிட்டே இருக்கா, அந்த ஆளு மூச்சு விடாம உக்காந்திருக்கார். அவ முழுசா முடிக்கிற வரைக்கும் இருமவே இல்ல.”

அக்கா திரும்பினாள்.

“முடிச்சதும்?”

“முடிச்சதும் இருமினார் பாரு ஒரு இருமல், வெளியில உனக்கே கேட்டிருக்கும்.”

“கேட்டுச்சு” என்றாள் அவள்.